கவ்வாத்து ரூபிகா

கொட்டகலை பஜாரில் ரூபிகாவின் கடைக்குப் போக வேண்டுமென்றால் முதலில் அழகையா முதலாளியின் ஹாட்வெயார் கடைக்குள் நுழைய வேண்டும். மேலே ஏறும் படிக்கட்டு அந்தக் கடைக்குள்ளேதான் இருக்கிறது. ஆணிப் பெட்டிகளையும் மண்வெட்டிகளையும் தாண்டி, சுருட்டிப் போட்டிருக்கும் தண்ணிக் குழாயில் கால் இடறாமல் ஏறினால் ஒரே ஒரு அறை. அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறாள் என்று யாராவது சொன்னால் ரூபிகாவுக்குச் சுருக்கென்று கோபம் வரும். “பழுது பாக்குறது ரேடியோவுக்கு சார். நான் செய்றது கவ்வாத்து” என்பாள்.

கவ்வாத்து என்றால் எங்கள் பக்கத்தில் பால்குடிக்குக்கூடத் தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு ஒருமுறை தேயிலைச் செடியைக் கத்தியால் சீவி, முழங்கால் உயரத்துக்குக் கட்டையாக்கி விடுவார்கள். பார்க்கிறவனுக்கு மலையே செத்துக் கிடக்கிற மாதிரி இருக்கும். கொஞ்ச மாதம் பொறுத்தால் அந்தக் கட்டையிலிருந்து கொழுந்து பிய்த்துக்கொண்டு கிளம்பும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் சீவுகிற வேலையல்ல அது. செடிக்கு ஒரு கொப்பை இலையோடு விட்டுவைப்பார்கள். புதுக் கொழுந்து வரும்வரை அந்தக் கொப்பை வைத்துத்தான் கட்டை மூச்சு விடும். ரூபிகாவின் அப்பா வட்டவளைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வேலை செய்தவர். அந்த வார்த்தையை அவள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து நேரே கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டாள்.

அது பொருத்தமான வார்த்தைதான். கடையில் வாங்குகிற கம்ப்யூட்டர் யாருக்கும் வேலை செய்கிற நிலையில் வருவதில்லை. நாம் கேட்காத விளையாட்டு, கேட்காத செய்தி, மூலையிலிருந்து எட்டிப் பார்த்து எதையாவது வாங்கச் சொல்லும் விளம்பரம், மாதக் கடைசியில் பார்த்து டேட்டாவையெல்லாம் குடித்துவிடும் அப்டேட் என்று ஆயிரம் தொல்லை. கம்பனிக்காரன் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொண்டு மாரடிக்கிற கூட்டம் நாம். ரூபிகா அந்தக் கூட்டத்தில் இல்லை. விண்டோஸுக்குள் ஒளிந்து கிடக்கும் சுவிட்சுகளையெல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாகக் காட்டுகிற இலவச மென்பொருள் ஒன்றைக் கொழும்பில் இருந்தபோதே கண்டுபிடித்து வைத்திருந்தாள். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று அதில் அவளே தேர்ந்தெடுத்து, அந்தத் தேர்வை ஒரு ஃபைலாகச் சேமித்து, அதற்குக் ‘கவ்வாத்து’ என்று பெயரும் வைத்துவிட்டாள். எந்த மெசின் வந்தாலும் அந்த ஃபைலை ஓட விடுவாள். மெசின் மொட்டையாகி, சுறுசுறுப்பாகி எழுந்து உட்காரும்.

நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். வேறு யாரும் பொறுப்பெடுக்க முன்வராததால் கணினி அறையும் என் தலையில் வந்து விழுந்தது. என் மடிக்கணினியை முதன்முதலாக அவளிடம் கொண்டு போனபோது அதைத் திறந்துவிட்டு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் குடித்துவிட்டு வரலாம். அவ்வளவு நேரம் எடுக்கும். ரூபிகா எதையோ தட்டினாள். திரையில் பெயர்கள் வரிசையாக வந்தன.

“காலையில பெரட்டுக்கு எத்தன பேரு வந்து நிக்கிறாங்கன்னு பாருங்க சார்.”

விடிகாலையில் தோட்டத்தில் ஆட்கள் வந்து வரிசையில் நிற்க, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்துக் கொடுப்பதுதான் பெரட்டு. முழுநாள் வேலைக்கு ஒரு பேர், பாதி நாளுக்கு அரைப்பேர் என்று பதிவார்கள். என் மெசினிலும் ஒரு பெரட்டு நடந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. திறந்த உடனேயே நான் கூப்பிடாத ஆட்களெல்லாம் வந்து வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

“இவருக்கு என்ன வேலை? மழ பெய்யுதான்னு சொல்றதாம். கொட்டகலைல அதுக்கு ஒரு ஆளு வேணுமா? பேரு வெட்டுறேன். இவரு பிரிண்டர்காரரு. உங்ககிட்ட பிரிண்டரே இல்ல. வெட்டுறேன். இவரு இருக்கட்டும், ஆனா காலையிலயே வர வேணாம், கூப்பிட்டா மட்டும் வந்தா போதும். அரைப்பேரு.”

சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. வீட்டுக்கு வந்து மெசினைத் திறந்தேன், தேத்தண்ணிக்கு நேரமே கிடைக்கவில்லை.

இவ்வளவும் அவள் எங்கே கற்றாள் என்று கேட்பீர்கள். உயர்தரப் படிப்பு முடித்த கையோடு கொழும்புக்குப் போனவள், பம்பலப்பிட்டியில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் மௌசும் கீபோர்டும் விற்கிற கவுண்டரில் நின்றாள். தமிழும் சிங்களமும் பேசுவாள் என்பதற்காகத்தான் எடுத்தார்கள். பின்னறையில் டெக்னீசியன் பையன்கள் மெசினைப் பிரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகிற நேரத்தில் இவள் போய் உட்கார்ந்துவிடுவாள். செக்கன் ஹேண்டில் ஒரு மெசின் வாங்கி, தன் அறையில் வைத்து அதையும் இதையும் வெட்டிப் பார்த்தாள். ஒருநாள் மெசின் அவளையே உள்ளே விடவில்லை. “கவ்வாத்துக்குப் போயி வேரையே புடுங்கிட்டேன் சார்” என்று அதையும் சிரிப்போடுதான் சொல்வாள். அன்றிலிருந்து எதை வெட்டினாலும் முதலில் ஒரு பிரதி எடுத்து வைப்பது அவள் வழக்கம். ஊருக்குத் திரும்பி வந்து, ஆணிக்கடைக்கு மேலே அறை பிடித்து, பலகை மாட்டினாள். பெண்பிள்ளைக்கு இதெல்லாம் ஓடுமா என்று கேட்டவர்களின் மெசின்கள் இப்போது அவளுடைய அலுமாரியில் வரிசையில் காத்திருக்கின்றன.

வந்தவரிடம் அவள் என்ன கோளாறு என்று கேட்பதில்லை. தன் கதிரையைக் கொடுத்து உட்காரச் சொல்வாள். “சும்மா வழக்கமா செய்றத செய்யுங்க” என்பாள். பக்கத்தில் நின்று கைகளைப் பார்ப்பாள், திரையைப் பார்க்க மாட்டாள். அழகையா முதலாளி மௌசை இரண்டு தடவை தட்டுவதற்குள் தலவாக்கலை பஸ் ஒன்று போய்விடும். அவருடைய பில் மெசினில் இரண்டு தட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளியை நன்றாக நீட்டிக் கொடுத்தாள். அதுவரை மெசினைத் திட்டிக்கொண்டிருந்த மனிதர் அன்று முதல் ரூபிகாவைத் தன் வீட்டுப் பிள்ளை மாதிரி கொண்டாட ஆரம்பித்தார். எனக்கு அம்புக்குறி அடிக்கடி தொலைந்துபோகும். நான் கேட்காமலே அதைப் பெரிதாக்கி, கறுப்பாக்கித் தந்தாள். ஒரு பொலிஸ்காரர் தன் வீட்டு மெசினைக் கொண்டுவந்து, “ஒக்கொம அயின் கரன்ன நங்கி” என்றார், எல்லாவற்றையும் எடுத்துவிடு தங்கச்சி என்று. “ஒக்கொம பே மாத்தயா” என்று இவள் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். எல்லாவற்றையும் எடுக்க முடியாதாம், எதை எடுப்பது என்பது தன் வேலையாம்.

ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துவிடச் சொல்லி எல்லாரும் வந்து ஒரே குரலில் கேட்டார்கள். ஷிப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து தடவை தட்டினால் டிங் என்று ஒரு சத்தத்தோடு ஒரு பெட்டி வந்து திரையில் குந்தும். விளையாடுகிற பிள்ளைகள் ஷிப்ட்டைப் போட்டு அடிக்கும்போது வரும். யோசித்துக்கொண்டே விரலால் தட்டுகிறவர்களுக்கு வரும். அதை ரூபிகா டிங் பெட்டி என்று சொன்னாள். இந்தச் சனியனை யார் கேட்டது என்று திட்டிக்கொண்டே கவ்வாத்து ஃபைலில் முதல் வரியில் அதைத்தான் சேர்த்திருந்தாள். கொட்டகலையில் அவள் கைபட்ட எந்த மெசினிலும் டிங் பெட்டி கிடையாது. எங்கள் பள்ளிக்கூடக் கணினி அறையிலும் கிடையாது, அந்த அறை முழுவதையும் கவ்வாத்து செய்ததும் அவள்தான்.

பூரணி வந்தது அதற்குப் பிறகு.

பூரணிக்கு வலது கை பிறவியிலேயே முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அதை அவள் மறைப்பதும் இல்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. உயர்தரம் நன்றாகச் சித்தியடைந்தவள். அரசாங்க அலுவலகத்தில் தமிழ்த் தட்டெழுத்தாளர் வேலைக்கு இரண்டு தடவை பரீட்சை எழுதி, இரண்டு தடவையும் எழுத்துப் பரீட்சையில் தேறி, தட்டெழுத்துச் சோதனையில் விழுந்தாள். மூன்றாவது தடவைக்கு விண்ணப்பித்திருந்தாள். அடுத்த வருடம் அவளுக்கு வயதெல்லை தாண்டிவிடும். இதுதான் கடைசி.

ரூபிகா வழக்கம்போலக் கதிரையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பார்த்தாள். இடது கை பறந்தது. திடீரென்று நின்றது. மணிக்கட்டைத் திருகி எதையோ எட்டிப் பிடித்தது. மறுபடியும் பறந்தது, மறுபடியும் நின்றது.

“எங்க நிக்குதுன்னு உனக்கே தெரியுதா?” என்றாள் ரூபிகா.

“தெரியும் அக்கா. குறில் எல்லாம் எனக்கு வருது. நெடில்லதான் நேரம் போகுது.”

முப்பது வருடமாகக் குறில் நெடில் படிப்பிக்கிற எனக்கு இப்படி ஒரு வாக்கியம் தோன்றியதில்லை. அப்போது நான் அங்கேதான் இருந்தேன், என்ன சொல்கிறாள் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. நம் அலுவலகங்களில் பாவிக்கிற தட்டெழுத்து முறையில் ‘அ’ வேண்டுமென்றால் ஒரு விரல் போதும். ‘ஆ’ வேண்டுமென்றால் ஷிப்ட்டைப் பிடித்துக்கொண்டு அதே விசையைத் தட்ட வேண்டும். ஒற்றைக் கொம்பு சும்மா வரும், இரட்டைக் கொம்புக்கு ஷிப்ட் வேண்டும். இரண்டு கை உள்ளவனுக்கு இது ஒரு விஷயமே இல்லை. ஒரு கைக்கு ஒவ்வொரு நெடிலும் ஒரு பள்ளம். போன தடவை அவசரத்தில் ‘கேள்வி’யை எல்லா இடத்திலும் ‘கெள்வி’ என்று அடித்துவிட்டு வந்திருக்கிறாள்.

ரூபிகாவுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. விசைகளையே இடம் மாற்றித் தருகிற இன்னொரு மென்பொருளை இறக்கினாள். இடது கைக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த விசை ஒன்றை ஷிப்ட்டாக்கினாள், எட்டாத விசைகளை இந்தப் பக்கம் கொண்டுவந்தாள். இரண்டு நாளில் பூரணியின் கை நிற்காமல் ஓடியது. ரூபிகா இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். பாராட்டுக்காக நின்றாள் என்றுதான் சொல்ல வேண்டும். நானும் பாராட்டினேன்.

பூரணி மட்டும் சிரிக்கவில்லை. “பரீட்சை ஹால்ல இந்த மெசின் இருக்குமாக்கா?” என்று கேட்டாள்.

ரூபிகாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. பரீட்சை மெசினில் ஒன்றும் ஏற்ற விடமாட்டார்கள். பென்டிரைவ் வாசலிலேயே நின்றுவிடும். யாரும் எதையும் போடாத மெசினிலும், பெட்டியைப் பிரித்த அன்றைக்கே இருக்கிற ஏதாவது ஒன்று வேண்டும். ரூபிகா அன்று கடையைச் சாத்தாமல் தன் கவ்வாத்து ஃபைலை மேலிருந்து வாசிக்கத் தொடங்கினாள். ரொம்பத் தூரம் போக வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே கிடந்தது.

அத்தனை வருடமும் அந்த டிங் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் முழுதாக வாசித்ததில்லை. நாங்கள் யாரும்தான் வாசித்ததில்லை. வந்ததும் மூடுவோம், அவ்வளவுதான். இதை இயக்கினால் ஷிப்ட்டை ஒரு தடவை தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம், அடுத்து வருகிற எழுத்துக்கு அது காத்திருக்கும், இரண்டு விசையைச் சேர்த்துப் பிடிக்கத் தேவையில்லை என்று அந்தப் பெட்டி இவ்வளவு காலமும் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அது பூரணியைத் தேடித்தான் வந்திருக்கிறது. நடுவில் நாங்கள் நின்று விரட்டிக்கொண்டிருந்தோம்.

கடையில் ஒரு மெசினுக்கு அதைத் திருப்பிக் கொடுத்தாள். பூரணி ஷிப்ட்டை ஐந்து தடவை தட்டினாள். டிங். சரி என்று கொடுத்தாள். பிறகு ஷிப்ட், விட்டாள், தட்டினாள். ‘ஆ’ வந்து நின்றது. அவள் ஒரு வரி முழுக்க ‘ஆ’ அடித்தாள். ரூபிகா அதைப் பார்த்து அழுதுவிட்டாள், தூசி என்று சொன்னாள். அந்த அறையில் தூசி உண்டு என்பதும் உண்மைதான்.

அதன் பிறகு பூரணி வாரத்தில் பாதி நாள் வந்து பழகினாள். நெடில் குறில் வித்தியாசமே தெரியாமல் கை ஓடத் தொடங்கியது. சோதனை நுவரெலியாவில் நடக்கும் என்றுதான் முதலில் அறிவித்திருந்தார்கள். கடைசியில் அங்கே ஏதோ கட்டட வேலை என்று எங்கள் பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். செய்தி தெரிந்ததும் ரூபிகா எனக்குப் போன் பண்ணி ஒரே கும்மாளம்.

“நம்ம எடத்துலயே வந்து மாட்டிக்கிச்சு சார்! அத்தனையும் என் மெசினு. ஒவ்வொன்னும் எப்படி மூச்சு விடும்னு எனக்குத் தெரியும். பூரணிகிட்ட நிம்மதியா தூங்க சொல்லிட்டேன்.”

எனக்கும் அது நிம்மதியாகத்தான் இருந்தது. இருவரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

சோதனைக்குப் பொறுப்பாக வந்தவர் துரைராசா. யாழ்ப்பாணத்துக்காரர், நுவரெலியாவில் உத்தியோகம். இஸ்திரி கலையாத சட்டை, கக்கத்தில் இடுக்கிய மடிக்கணினி, தாமதமாக வந்தவரை வாசலிலேயே நிறுத்தி வைக்கிற பார்வை. மெசின்கள் மக்கர் பண்ணினால் பார்க்க ரூபிகாவைப் பள்ளிக்கூடத்தின் சார்பில் கூப்பிட்டிருந்தோம். அவள் சுவரோரம் நின்றாள். அறைப் பொறுப்பாளனாக நானும் நின்றேன். தொடங்குவதற்கு முன் விசைப்பலகையைப் பழகிப் பார்க்கக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள்.

பூரணி ஷிப்ட்டை ஐந்து தடவை தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் தட்டினாள். அறை முழுக்க மற்றவர்கள் கடகடவென்று அடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் மெசினில் மட்டும் நிசப்தம். அவள் திரும்பி ரூபிகாவைப் பார்த்தாள்.

ரூபிகாவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. “சார்” என்றாள் என் காதருகில், “அத வெட்டுனது நான்தான்.”

உள்ளே போய் மாற்றலாமென்றால் பிள்ளைகள் நோண்டாமலிருக்க அந்த மெசின்களில் செட்டிங் பக்கத்தையே பூட்டி வைத்திருந்தோம். கடவுச்சொல் ரூபிகாவிடம்தான் இருந்தது. கடவுச்சொல் இருந்தென்ன, பரீட்சை மெசினைத் தொட அனுமதி வேண்டும். நான் எப்படிப் பேச்சைத் தொடங்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே ரூபிகா துரைராசாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றுவிட்டாள்.

“சார், மெசின்ல ஒரு செட்டிங் மாத்தணும். தொடங்குறதுக்கு முன்னாடி.”

“என்ன செட்டிங்? பரீட்சை மெசினிலை ஒண்டும் போடேலாது பிள்ளை. சட்டம் தெரியும்தானே?”

“ஒன்னும் போடலைங்க சார். விண்டோஸ்ல தானாவே இருக்கிற ஒன்ன நான்தான் எடுத்துட்டேன். எடுத்தத திருப்பி வைக்கணும். அந்தப் பிள்ளைக்கு அது வேணும்.”

துரைராசா தலையை நிமிர்த்திப் பூரணியைப் பார்த்தார். அவர் கண் அவளுடைய வலது சட்டைக் கையில் போய் நின்றது.

“கையப் பாக்காதீங்க சார்” என்றாள் ரூபிகா. “மெசினப் பாருங்க. உங்க மெசினையே பாருங்க. ஷிப்ட்ட அஞ்சு தடவ தட்டுங்க.”

அவரோடு அப்படிப் பேசியவர்கள் குறைவு என்று நினைக்கிறேன். ஒரு கணம் கோபம் வருவதுபோல இருந்தது. பிறகு தன் மடிக்கணினியைத் திறந்து தட்டினார். டிங் என்ற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மனிதர் மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அந்தப் பெட்டியில் இருந்ததை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தார். நான் அறிந்தவரை அந்தப் பெட்டியை முதல் தடவையிலேயே முழுதாக வாசித்த ஒரே மனிதர் அவர்தான்.

“இது என்ரை மெசினிலையும் கிடக்குதே” என்றார் மெதுவாக.

“எல்லார் மெசின்லயும் இருக்கும் சார். இங்க மட்டும்தான் இல்ல.”

அவர் யோசித்தார். நெற்றியைத் தடவினார். “அந்தப் பிள்ளையின்ரை மெசினுக்கு மட்டும் செய்தால் அது சலுகை. நாளைக்கு ஆரும் கேள்வி கேட்பினம், அவவின்ரை பெயர்தான் பழுதாகும். எல்லா மெசினிலையும் திருப்பி வையும். அப்ப அது மெசின்ரை குணம். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேலாது. நான் சோதனையைப் பிந்தித் தொடங்கிறன்.”

அந்த இடத்தில் அந்த மனிதரைக் கும்பிடத் தோன்றியது எனக்கு.

எல்லாரையும் எழுந்து பின்சுவரோரம் நிற்கச் சொன்னார்கள். ரூபிகா முதல் வரிசையிலிருந்து தொடங்கினாள். கடவுச்சொல், ஒரு தட்டு, வெளியே போய் மறுபடி உள்ளே வருவது, ஷிப்ட் ஐந்து, டிங். அடுத்தது. துரைராசா பின்னாலேயே நடந்து ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டு வந்தார். பூரணியின் மெசின் கடைசி வரிசையில் இருந்தது. ரூபிகா நடுவிலேயே வரிசையை விட்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

“வரிசப்படியே வாங்கக்கா” என்றாள் பூரணி சுவரோரத்திலிருந்து. “எனக்கு அவசரம் இல்ல.”

குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. சொல்லிவிட்டு ஜன்னல் வழியாக மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பதறிக்கொண்டிருந்தது நாங்கள் இரண்டு பேரும்தான்.

சோதனை தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முன்வரிசையில் யாரோ பதற்றத்தில் ஷிப்ட்டைப் போட்டுத் தட்ட, டிங். வலப்பக்கத்தில் ஒரு டிங். நடுவில் ஒரு பையன் தலையில் அடித்துக்கொண்டான். ஒவ்வொரு டிங்குக்கும் ரூபிகா என் கையை நசுக்கினாள். கடைசி வரிசையில் ஒரே ஒரு டிங்தான் கேட்டது, அதுவும் ஆரம்பத்தில். அதற்குப் பிறகு அங்கே நிற்காமல் விழுகிற தட்டுச் சத்தம் மட்டும். கொடுத்திருந்த பத்தியின் முதல் சொல்லே ‘ஆலோசனை’. யாரோ வேண்டுமென்றே நெடிலாகப் பொறுக்கி எழுதினது போல இருந்தது அந்தப் பத்தி. துரைராசா நேரம் முடிந்தது என்று சொல்வதற்கு முன்பே பூரணி அடித்து முடித்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, மேலிருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். வெளியே வந்ததும் என்னிடம்தான் முதலில் பேசினாள்.

“சார், கேள்விக்கு ரெட்டக் கொம்பு போட்டிருக்கேன்” என்றாள்.

பூரணிக்கு வேலை கிடைத்தது. ஹட்டனில் கல்வி அலுவலகம், காலை பஸ்ஸில் இடமும் பிடித்து வைத்திருக்கிறாள். என் சம்பள உயர்வுக் கடிதம் போன வாரம் அவள் கையால் அடிக்கப்பட்டு வந்தது, அதில் ஒரு நெடிலும் தப்பவில்லை. தமிழ் வாத்தியார் என்ற முறையில் பிழை தேடித்தான் பார்த்தேன், கிடைக்கவில்லை.

ரூபிகாவின் கவ்வாத்து ஃபைலில் அந்த முதல் வரி இப்போது இல்லை. அதோடு விட்டாளா? ஏற்கெனவே கவ்வாத்து செய்துகொடுத்த மெசின்களையெல்லாம் ஒவ்வொன்றாக வரச் சொல்லி டிங் பெட்டியைத் திருப்பி வைத்துக்கொண்டிருக்கிறாள். என்னுடையதும் போய் வந்தது. அன்றைக்கு நான் மேலே உட்கார்ந்திருக்கும்போது அழகையா முதலாளி மூச்சு வாங்கப் படியேறி வந்தார்.

“ரூபிகா, அந்த டிங் டிங் மறுபடியும் வந்திருச்சேம்மா. ஷிப்ட்டுல கைய வச்சிக்கிட்டு யோசிக்கக்கூட முடியல. வெட்டி விடும்மா.”

“அத மட்டும் வெட்ட மாட்டேன் முதலாளி.”

“எனக்கு எதுக்கும்மா அது? எனக்குத்தான் ரெண்டு கையும் இருக்கே.”

“உங்களுக்குன்னு யாரு சொன்னா? நாளைக்கு உங்க கடையில பில்லு போட ஒரு பிள்ள வேல கேட்டு வரும். அது வந்து உக்காந்து ஷிப்ட்ட தட்டும். ஒன்னும் வராது. அப்ப அந்தப் பிள்ள முகத்த நீங்க பாத்துருவீங்களா முதலாளி? நான் பாத்துட்டேன். இன்னொரு தடவ என்னால முடியாது.”

அழகையா அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

“வெட்டாம விட்ட கொப்புன்னு வச்சிக்கங்க” என்றாள் ரூபிகா, குரல் இறங்கி.

“சரி சரி, கெடக்கட்டும்” என்றார் அவர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து டிங் என்று கேட்டது. உடனே மூடுகிற சத்தத்துக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை. அதற்குப் பதிலாக, எழுத்துக் கூட்டிக் கூட்டி எதையோ வாசிக்கிற முதலாளியின் குரல் கேட்டது.